குத்தகை நிலத்துல நர்சரி, ஃபெஞ்சல் நிவாரணம்

அண்ணே, 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல நர்சரி கன்னெல்லாம் அழுகிப்போச்சு, குத்தகை நிலம்ங்கிறதால அடங்கல்ல (எந்த நிலத்துல யாரு என்ன பயிர் பண்றாங்கன்னு எழுதுற கிராமக் கணக்கு) உங்க பேர் இல்லன்னு விஏஓ திருப்பி அனுப்பிட்டாருன்னு போட்டிருந்தீங்கல்ல. மொதல்ல அந்த அடங்கல சரி பண்ணுங்க, பட்டா யார் பேர்ல இருந்தாலும் சாகுபடி பண்றது நீங்கன்னு அதுல ஏறணும், நில ஓனர்கிட்ட சம்மதக் கடிதமும் வாங்கிக்கங்க. கஜா புயல் அப்ப (2018) தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500ன்னு 1,100 ரூபா அறிவிச்சாங்க, எங்க சித்தப்பா தோப்பு பட்டா தாத்தா பேர்லயே கெடந்ததுல காசு கைக்கு வர்றதுக்குள்ள செருப்பு தேஞ்சிருச்சு.

இன்னொன்னு, நிவாரணம் ஹெக்டேர் கணக்கு. ஃபெஞ்சலுக்கு அறிவிச்சது, சேதம் 33 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா ஹெக்டேருக்கு பாசனப் பயிருக்கு 17,000 ரூபா, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபா. பத்து சென்ட்லயே லட்ச ரூபா கன்னு நிக்கிற நர்சரிக்கு இது யானைப் பசிக்கு சோளப்பொரிதான், ஆனா விடாதீங்க. தோட்டக்கலை ஆபீஸ்ல கன்னு எண்ணிக்கை, வாங்குன பில்லு, போட்டோ எல்லாத்தோடயும் போய் பாருங்க, நடக்கலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து ரசீது கைல வாங்காம வராதீங்க.