லண்டனில் ஃபேஷன் டிசைனர்களுக்காக ஒப்பந்தம் பேசும் வேலை

தம்பி, ஊரில் வக்கீலாகப் பதிவு செய்துவிட்டு லண்டன் வந்திருக்கிறீர்கள். ஃபேஷன் டிசைனர்களுக்காக ஒப்பந்தம் பேசும் வேலை கிடைக்குமா, அதில் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசா அனுமதித்தால் செய்யலாம். இங்கே வணிக ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை சொல்வதற்கும் பேரம் பேசுவதற்கும் சொலிசிட்டராக (இங்கே பதிவு பெற்ற வக்கீலாக) இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. தகுதி பெறாமல் சொலிசிட்டர் என்று சொல்லிக்கொள்வதுதான் குற்றம். அந்தத் தகுதிக்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு எழுத வேண்டும், வெளிநாட்டில் வக்கீலாகத் தகுதி பெற்றவருக்கு இரண்டு வருட வேலை அனுபவ நிபந்தனை இல்லை.

இனி வேலை. முதலில் தேட வேண்டியது டிசைனரின் பெயர் யார் கைக்குப் போகிறது என்பதை. பிரிட்டிஷ் டிசைனர் கேரன் மில்லன் 2004-இல் தன் பெயரிலான கம்பெனியை விற்றார். அப்போது கொடுத்த உறுதிமொழிகளால், அதே பெயரை அமெரிக்காவிலும் சீனாவிலும் பயன்படுத்தக் கேட்ட வழக்கில் 2016-இல் தோற்றார். ஆகவே டிரேட்மார்க்கை டிசைனர் பெயரிலேயே பதிந்து, கம்பெனிக்கு லைசென்ஸ் மட்டும் கொடுங்கள். அவர் விலகினால் அந்த லைசென்ஸ் முடிய வேண்டும். டிரேட்மார்க் கம்பெனிக்கே வேண்டும் என்று முதலீட்டாளர் விடாப்பிடியாக நின்றால், எந்தப் பொருள், எந்த நாடு என்று எல்லை போடுங்கள். பின்னாளில் 'இன்னார் வடிவமைத்தது' என்று சொல்லும் உரிமை தனி வரியாக இருக்கட்டும். சமூக ஊடகக் கணக்குகள் யாருடையவை என்பதையும் எழுதுங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஊழியராக வரைந்த டிசைன் முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸாக வரைந்தது, 2014 அக்டோபர் முதல், ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால் வரைந்தவருக்கே. அதனால்தான் கம்பெனிகள் 'சகல உரிமைகளும் மாற்றப்படுகின்றன' என்ற வரியை நுழைக்கின்றன. நீக்கப் பாருங்கள், முடியாவிட்டால், முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்றாக்குங்கள். காட்சிக்கு வைத்த டிசைனைப் பதிவு செய்ய 12 மாதம்தான் அவகாசம். பதிந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து 25 ஆண்டு வரை பாதுகாக்கலாம்.

ராயல்டியில், அதாவது விற்பனையில் டிசைனருக்கு வரும் பங்கில், சதவீதத்தைவிட 'நிகர விற்பனை' என்பதன் விளக்கம்தான் பணத்தைத் தின்னும். தள்ளுபடி, திரும்பிய சரக்கு, விளம்பரச் செலவு என்று கழித்துக்கொண்டே போவார்கள். விளம்பரச் செலவைக் கழிக்க விடாதீர்கள், மற்றவற்றுக்கு உச்சவரம்பு கேளுங்கள். குறைந்தபட்ச உறுதித்தொகை, கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை, ஒப்பந்தம் முடிந்தபின் மிச்சச் சரக்கை விற்றுத் தீர்க்கும் கெடு, மூன்றும் வேண்டும்.

ஃபேஷன் வீக் நெருங்கும்போது வரும் அவசர ஒப்பந்தங்களில்தான் அதிகம் சறுக்குகிறது. 'சரி, ஒப்புக்கொள்கிறோம்' என்ற ஒரு மின்னஞ்சலே இங்கே ஒப்பந்தமாகிவிடலாம். கையெழுத்தாகும்வரை எல்லாக் கடிதத்தின் தலைப்பிலும் 'சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்' (ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் கட்டுப்படுத்தும்) என்று போடுங்கள். அதுவரை பேட்டர்னையோ சாம்பிளையோ அனுப்ப வேண்டாம் என்று டிசைனரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.