வாசகர் கேள்வி – பதில்: ஆர்எக்ஸ்-8 காருக்கு ஹோண்டா இன்ஜின் பொருத்தலாமா?

கேள்வி: என்னிடம் 2007ஆம் ஆண்டில் பதிவான மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் இருக்கிறது, 231 பிஎஸ் திறனும் ஆறு கியர்களும் கொண்ட வகை. 82,000 மைல் ஓடியிருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றிய பிறகுதான் உயிர் வருகிறது. பட்டறையில் 'இன்ஜின் போய்விட்டது' என்கிறார்கள். பிரித்துப் புதுப்பிக்க 4,500 பவுண்ட் கேட்கிறார்கள். சிவிக் டைப்-ஆர் காரின் ஹோண்டா கே20 இன்ஜின் 1,800 பவுண்டுக்குக் கிடைக்கும், அதைப் பொருத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார் நண்பர். எதைச் செய்வது?
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் புதுப்பியுங்கள், ஹோண்டா இன்ஜின் வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால், இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்பதை எண்களில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி 4,500 பவுண்டும் கொடுக்கக் கூடாது, 1,800 பவுண்டும் கொடுக்கக் கூடாது.

உங்கள் காரின் இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. ஒவ்வொன்றும் 654 சிசி கொண்ட இரண்டு அறைகளில் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழல்கின்றன; அதனால்தான் இதற்கு ரோட்டரி இன்ஜின் என்று பெயர். ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள் செருகப்பட்டிருக்கின்றன. அறைச் சுவரை உரசிக்கொண்டே ஓடி, அழுத்தம் கசியாமல் காப்பவை இவைதான். இந்தப் பட்டைகளோ சுவரின் மேல்பூச்சோ தேய்ந்துவிட்டால் அழுத்தம் குறையும். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும் இன்ஜின், சூடானபின் முரண்டு பிடிக்கும். ஆகவே பட்டறைக்காரர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஆனால் வலுவிழந்த பாட்டரி, மெதுவாகச் சுற்றும் ஸ்டார்ட்டர், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் தளர்ந்துபோவது ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும். இவற்றையெல்லாம் மாற்றினாலும், நீங்கள் சொல்லும் தொகைகளில் ஒரு சிறு பகுதிதான் செலவாகும்.

இந்த அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைக் கண்டிப்பாக ரோட்டரிக்கென்று உள்ள கருவியால்தான் செய்ய வேண்டும். சாதாரண பிஸ்டன் கார்களுக்கான கேஜ், ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகம் காட்டுகிறதோ அந்த ஓர் எண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தேவை இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து ஆறு எண்கள். நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்கில் நல்ல இன்ஜின் ஏறத்தாழ 8.3 பார் காட்டும். மாஸ்டா வகுத்த கீழ் எல்லை 6.8 பார். ஸ்டார்ட்டர் சுற்றிய வேகமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும், ஏனென்றால் வேகம் குறைந்தால் அழுத்தமும் குறைவாகவே காட்டும். சோதனை நடக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால், அந்தத் துளை வழியாக 'பஃப், பஃப், பஃப்' என்று மூன்று மூச்சுகள் ஒரே அளவில், தாளம் தப்பாமல் வர வேண்டும். ஒன்று வலுவாகவும் அடுத்தது சோர்ந்தும் வந்தால், கருவியைப் பார்க்கும் முன்பே உங்கள் காதுக்கு விஷயம் புரிந்துவிடும்.

இனி, நண்பர் சொன்ன மாற்று யோசனை. 2001 முதல் ஐரோப்பாவில் விற்ற சிவிக் டைப்-ஆர் காரின் கே20 இன்ஜின் மிக நல்ல இன்ஜின் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதன் திறன் 200 பிஎஸ், முறுக்குவிசை 196 நியூட்டன் மீட்டர். ரெனிசிஸ் எனப்படும் உங்கள் ரோட்டரி இன்ஜின் நல்ல நிலையில் தருவது 231 பிஎஸ், 211 நியூட்டன் மீட்டர். அதாவது, இவ்வளவு பாடுபட்டுப் பொருத்தியபின் உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட வலுக் குறைந்ததாக இருக்கும். எரிபொருள் சிக்கனமும் நீண்ட உழைப்பும் கிடைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் சிக்கனத்துக்காக யாரும் ஆர்எக்ஸ்-8 வாங்குவதில்லை.

விலைக்கு வருவோம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். இன்ஜின் மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. சிவிக்கில் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டிய இன்ஜினை, உங்கள் காரில் நெடுக்காக அமர்த்திப் பின்சக்கரங்களை ஓட்ட வைக்க வேண்டும். அதற்குப் புதிய தாங்கிகள், கியர்பாக்ஸோடு இணைக்கும் தகடு, வேறு வடிவிலான ஆயில் தொட்டி, புதிய புகைக்குழாய், ஈசியு எனப்படும் தனி இன்ஜின் கணினி எல்லாம் வேண்டும். ரோட்டரி இன்ஜின் உயரம் குறைந்தது, முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருப்பது. அதை நம்பித்தான் அந்த பானெட்டையே அவ்வளவு தாழ்வாக வரைந்தார்கள். உயரமான நான்கு சிலிண்டர் இன்ஜின் அங்கே நுழையும்போது ஒவ்வொரு அங்குலத்துக்கும் போராட வேண்டியிருக்கும்.

பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது வயரிங். ஆர்எக்ஸ்-8இன் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். அந்த மோட்டாரும், டாஷ்போர்டு மீட்டர்களும், சறுக்கலைத் தடுக்கும் அமைப்பும் இன்ஜின் கணினியிலிருந்து ஒரே தரவுக் கம்பி வழியாக வரும் செய்திகளை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மாஸ்டா கணினியை எடுத்துவிட்டு ஹோண்டா கணினியை வைத்தால், இவற்றுக்கு அந்த மொழி புரியாது. இன்ஜின் அழகாக உறுமும். ஆனால் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும், மீட்டர் முட்கள் படுத்துக் கிடக்கும். இரு பக்கச் செய்திகளையும் மொழிபெயர்க்கும் தனிப் பெட்டி பொருத்தினால்தான் கார் முழுமையாக வேலை செய்யும். மாற்றம் தொடங்கிப் பாதியில் நின்று, தார்ப்பாயின் கீழ் மழையில் நனையும் கார்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் இன்ஜின் ஏறியிருந்தது, வயரிங்தான் முடியவில்லை.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ஜினை மாற்றினால் புதிய இன்ஜின் எண்ணையும் கொள்ளளவையும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்து வி5சி பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்தால், விபத்தின்போது பாலிசி இருந்தும் இல்லாத நிலைதான். எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் புகை அளவீட்டில், உள்ளே எந்த இன்ஜின் இருந்தாலும், 2007இல் பதிவான காருக்குரிய அளவுகோலையே அது தாண்டியாக வேண்டும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1967இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் ரோ 80 என்ற ரோட்டரி காரைக் கொண்டுவந்தது. 1968இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் அது பெற்றது. சீல்கள் தேய்ந்து இன்ஜின்கள் விழத் தொடங்கியதும், பிரிட்டனில் பல உரிமையாளர்கள் அந்த இடத்தில் அடங்கக்கூடிய நீளம் குறைந்த ஃபோர்டு வி4 இன்ஜினைப் பொருத்தினார்கள். கார் ஓடியது, ஆனால் வழவழவென்று சுழன்ற இன்ஜின் இருந்த இடத்தில் கரகரப்பும் அதிர்வும் குடியேறின. அந்தக் காரை ஏன் வாங்கினோமோ அந்தக் காரணமே போய்விட்டது. உங்கள் காரில் 9,000 சுற்றுகளை நோக்கி முள் ஏறும்போது எழும் அந்த ஒலியை நீங்கள் விரும்பித்தான் இத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் மாற்றம் எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. பந்தயத் தடத்துக்கு மட்டுமான கார், இன்ஜினே இல்லாமல் மலிவாகக் கிடைத்த கார், வெல்டிங்கும் வயரிங்கும் தானே செய்யக்கூடியவர், வேலை எப்போது முடிந்தாலும் சரி என்று காத்திருக்கும் பொறுமை: இவை ஒன்றுசேரும் இடத்தில் தாராளமாகச் செய்யலாம். நீங்கள் அன்றாடம் சாலையில் ஓட்டும் காருக்கு, பட்டறைக்குக் கூலி கொடுத்துச் செய்வது வீண். பணம் ஒன்றே அளவுகோல் என்றால் புதுப்பிப்பதும் லாபமில்லை; விற்கும்போது அந்த 4,500 பவுண்ட் திரும்பாது. அப்படியானால் சோதனைத் தாளோடு, குறையை மறைக்காமல், இப்போதே விற்றுவிடுவது நேர்மையான வழி.

புதுப்பிக்க முடிவு செய்தால், ரோட்டரி வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். பிரித்த அறைச் சுவர்களை நேரில் பாருங்கள். பூச்சு உரிந்த சுவரில் புதிய சீல் போடுவது, கிழிந்த பாயில் புது ஓரம் தைப்பது போன்றது. சுவர்களை மாற்றும் செலவு அந்த 4,500 பவுண்டில் அடங்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். நான்கு காயில்களையும் நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். காயில் தளர்ந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். அடைபட்ட கன்வெர்ட்டர் வெப்பத்தை இன்ஜினுக்கே திருப்பும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்காமல் புதுப்பித்த இன்ஜினை ஏற்ற விடாதீர்கள். பழைய இன்ஜினைக் கொன்றது அதுவாகவே இருக்கலாம்.