முதியோர் இல்லப் பராமரிப்பு: செவிலியரிடம் கேளுங்கள்

கே (சேலம்): அம்மாவைச் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ப: வரவேற்பறையையும் தோட்டத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் செய்துவிட்டு இரவில் விட்டால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்புதான் தொடக்கம். நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கே (மதுரை): மாதக் கட்டணம் எவ்வளவு?

ப: இல்லத்துக்கு இல்லம் மாறும். டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு அதில் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கே (திருச்சி): அப்பா இரவில் எழுந்து நடக்கிறார். விழுந்துவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். சரிதானா?

ப: சரியே இல்லை. கட்டப்பட்டவர் திமிறுவார், காயப்படுவார், படுத்தே கிடந்து கால் வலுவிழக்கும். ஏன் எழுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் சிறுநீர் கழிக்கத்தான். படுக்கும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போகட்டும், கட்டிலைத் தாழ்த்தட்டும், வழியில் விளக்கு எரியட்டும்.

கே (கோவை, இல்லம் நடத்துபவர்): சொல்வது எளிது. இடுப்பு எலும்பு முறிந்தால் பிள்ளைகள் எங்களிடம்தானே சண்டைக்கு வருவார்கள்?

ப: உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் சேர்க்கும் நாளிலேயே பேசிவிடுங்கள்: "விழ வாய்ப்பு உண்டு, இன்னின்ன தடுப்பு செய்கிறோம், கட்ட மாட்டோம்." இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ஆள் பற்றாக்குறைக்குக் கயிறு விடையாகாது. முதியவருக்குத் திடீரென்று மனக்குழப்பம் வந்தால், காரணம் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, புது மருந்தா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே (திருச்சி, மறுபடியும்): அப்படியானால் தூக்க மாத்திரை?

ப: பணியாளர் வசதிக்காகக் கொடுத்தால் அதுவும் கட்டிப்போடுவதுதான். விழும் அபாயமும் கூடும். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கே (வேலூர்): கட்டணம் எவ்வளவு ஆகும்?

ப: மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (துபாய்): வாரம் ஒரு வீடியோ கால் போதுமா?

ப: போதாது. உள்ளூர் உறவினர் ஒருவர் சொல்லாமல் போய் வரட்டும். அதுவும் இரவில்.

கே (தஞ்சை): வீட்டை எழுதி வாங்கிய மகன் இப்போது பார்ப்பதில்லை.

ப: இது என் துறை இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் என்றால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ரத்து கோரலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசுங்கள்.