லயத்தைத் தவிர என்ன விட்டுவைத்தீர்கள்?

கேள்வி: உலகப் போருக்குப் பின் பிறந்த ‘பேபி பூமர்’ தலைமுறை எல்லா வசதிகளையும் அனுபவித்து முடித்துவிட்டு, கடனை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். என் தாத்தா 1950இல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவரும் அந்தத் தலைமுறைதானே? தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒரு காம்பராவைத் தவிர அவர்கள் எங்களுக்கு எதை விட்டுவைத்தார்கள்?
– கல்லூரி மாணவி, பொகவந்தலாவை

பதில்: வயதுக் கணக்கில் உங்கள் தாத்தாவும் நானும் அந்தத் தலைமுறையினர்தாம். ஆனால் நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு ஐக்கிய அமெரிக்காவில் எழுந்தது. 1946க்கும் 1964க்கும் இடையில் அங்கே பிறந்த சுமார் 7 கோடியே 60 இலட்சம் பேரில் பலருக்கு மலிவான வீடும் நிலையான வேலையும் ஓய்வூதியமும் கிடைத்தன என்பது அங்குள்ள இளையோரின் வழக்கு. அதை அப்படியே தூக்கிவந்து பொகவந்தலாவையில் தாக்கல் செய்தால் நிற்காது.

இலங்கையிலும் அக்காலத்தில் சனத்தொகை பெருகியது உண்மை. மலேரியா அடங்கியதும் மருத்துவ வசதி பரவியதும் சாவைக் குறைத்தன. 1946இல் சுமார் 66 இலட்சமாக இருந்த தொகை 1963இல் ஒரு கோடியே 5 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் தோட்டத்தில் பிறந்த இந்திய வம்சாவளிப் பிள்ளைக்கு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை. தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும்; அதற்கோ அவருடைய தகப்பனும் இங்கேயே பிறந்தவர் என்பதற்குச் சான்று வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயங்களில் அந்தச் சான்றுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகத்தில் பெரும்பாலானோர், 1952இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

அமெரிக்கக் கணக்கில் தலைமுறை முடிகிற அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரித்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் விழுந்த காலம் எங்கள் இளமைக் காலம். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த குடும்பங்கள், ஹட்டன் ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடின. 1984இல் கப்பல் நின்றது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்க 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் தேவைப்பட்டன. 2003இல் உங்கள் தாத்தாவுக்கு வயது 53. அவர் எந்த ஆண்டில் பிரஜையானார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி லயத்துக்கு வருவோம். லயத்தை அவர்கள் உங்களுக்கு விட்டுவைக்கவில்லை. விட்டுவைக்க அது அவர்களுடையதாக இருந்ததே இல்லை. வெள்ளைக்காரக் கம்பனிகள் கட்டியதை 1975இல் அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பனிகளிடம் கொடுத்தது. எவரிடம் இருந்தபோதும், தோட்டத்தின் வேலைப் பதிவில் பேர் இருக்கும்வரைதான் காம்பரா. இலவசக் கல்வி 1945இல் வந்ததாகப் பெருமை பேசுகிறோம். தோட்டப் பாடசாலையோ எழுபதுகள் வரை பெரும்பாலும் ஒரே மண்டபமாகவும் ஒரே வாத்தியாராகவும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. கடனைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் நாடு கட்ட முடியாது என்று கைவிரித்த வெளிநாட்டுக் கடன்களில் கையொப்பமிட்டவர்கள் உங்கள் தாத்தா பாட்டியல்லர். பல பத்தாண்டுகள் இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக்கொடுத்த கைகள் அவர்களுடையவை.

அதனால் என் தலைமுறை கை கழுவிக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள்மீது சுமத்த வேண்டிய குற்றம் வேறு, அதை நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி கொடுத்தது தோட்ட நிர்வாகம். ஆனால் விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தவளின் சம்பளத்தைச் சம்பள நாளில் மேசைக்கு முன்னால் நின்று வாங்கிக்கொண்டவன் பல வீடுகளில் அவளுடைய புருஷன். அதில் எவ்வளவு சாராயக்கடைக்குப் போனது என்பதை உங்கள் பாட்டி சொல்லக்கூடும். தொழிற்சங்கச் சந்தாவில் பெரும்பகுதி பெண்களின் பேரில் வெட்டப்பட்டது. மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். ஒரு சங்கம் பலவாக உடைந்ததும், தலைவர் நாற்காலி ஒரே குடும்பத்துக்குள் கைமாறியதும் எங்கள் கண்முன்னால்தான் நடந்தன, கைதட்டியவர்களும் நாங்கள்தாம். அமெரிக்கத் தாத்தாக்களின் வழக்கை வைத்துவிட்டு, இதைக் கேட்டு எழுதுங்கள். ஒரு வரிகூட வெட்டாமல் பிரசுரிக்கிறேன்.