லண்டனில் பிசினஸ் படிப்பு: பெங்களூருத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

அல்சூர், பி.காம். கடைசி வருஷம்: எம்.பி.ஏ. போகலாமா, எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட் போகலாமா அக்கா?

வேலை அனுபவம் இல்லையென்றால் எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட்தான் தம்பி. நல்ல பிசினஸ் ஸ்கூல்கள் எம்.பி.ஏ.வுக்குச் சில வருஷ அனுபவம் எதிர்பார்க்கும். அனுபவமே கேட்காமல் எம்.பி.ஏ. சீட் கொடுக்கிற இடத்தில் அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள். அந்த ஸ்கூலுக்கு ஆம்பா, ஈக்விஸ், ஏஏசிஎஸ்பி என்ற பிசினஸ் ஸ்கூல்களுக்கான சர்வதேச அங்கீகாரங்களில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஜிமேட் (பிசினஸ் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 5 வருஷம் செல்லும், ஐஈஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) 2 வருஷம்தான். அதனால் ஜிமேட்டை முன்னாலேயே எழுதிவிடலாம்.

கே.ஆர்.புரம், ஒரு அப்பா: மகளுக்கு சீட் கிடைத்துவிட்டது. பணம் என் தம்பி கணக்கில் இருக்கிறது. விசாவுக்கு அதைக் காட்டலாமா?

காட்ட முடியாது சார். மாணவர் கணக்கு, இல்லையென்றால் அப்பா அம்மா, சட்டப்படியான காப்பாளர் அல்லது கணவன்/மனைவி கணக்குதான் செல்லும். சித்தப்பா, தாத்தா, அண்ணன் கணக்கு எதுவும் செல்லாது. தம்பி பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். பணம் 28 நாள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும், அந்த எண்ணிக்கை மாற்றிய நாளிலிருந்துதான் தொடங்கும். பணம் எப்படி வந்தது என்பதற்குத் தம்பியிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

கணக்கு இப்படி. லண்டனில் செலவுக்கு மாதம் 1,529 பவுண்டு, 9 மாதத்துக்கு 13,761 (2025 நவம்பர் 11 முதல் உள்ள தொகை). அதோடு கட்டாமல் பாக்கி நிற்கும் ஃபீஸ். ஃபீஸ் 30,000 என்று வையுங்கள், 6,000 கட்டியது காஸில் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிப் பதிவு) பதிவாகியிருந்தால் 24,000 பாக்கி. மொத்தம் 37,761 பவுண்டு. உதாரணமாக, ஜூலை 1 முதல் 28 வரை ஒரு நாள்கூட பேலன்ஸ் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டேட்மென்ட் ஜூலை 28-ல் முடிந்தால், 31 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 28-க்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ரூபாய் மதிப்பை ஓவாண்டா என்ற நாணய மாற்று இணையதளத்தின் விகிதத்தில் பார்ப்பார்கள், பவுண்டு ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள். கூடுதலாக 5 சதவீதமாவது போட்டு வையுங்கள். நினைத்தவுடன் உடைக்கக்கூடிய எஃப்.டி. செல்லும். ஷேர், பி.எஃப்., நகை, மனை செல்லாது.

நீங்கள்தான் அப்பா என்பதை மகளின் பிறப்புச் சான்றிதழால் காட்ட வேண்டும். இதில் நம் வீடுகளில் பெரிய சிக்கல் இனிஷியல். அப்பா பெயர் பிறப்புச் சான்றிதழில் 'எம். சேகர்', பாஸ்போர்ட்டில் 'சேகர் முனுசாமி', பாஸ்புக்கில் 'முனுசாமி சேகர்' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நோட்டரியிடம் அஃபிடவிட் எடுத்து இணையுங்கள். பழைய சான்றிதழ் கன்னடத்தில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பணம் உங்களுடையது என்பதால் உங்கள் சம்மதக் கடிதமும் தேவை.

ஜெயநகர்: இதைத் தவிர வேறு என்ன செலவு?

அங்கே அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு விசா வழக்கமாக 16 மாதம் வரும், எனவே 1,164. இதை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். டி.பி. (காசநோய்) பரிசோதனையை அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் எடுக்க வேண்டும், சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

எலக்ட்ரானிக் சிட்டி: கோடை லீவில் முழு நேர வேலை பார்க்கலாம்தானே?

மாஸ்டர்ஸ் மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு இருக்காது, ஆனால் டிசர்டேஷன் (ஆய்வுக் கட்டுரை) எழுதுகிற காலம் பாடக்காலமாகத்தான் கணக்கு. அப்போதும் வாரம் 20 மணி நேரம்தான். 21 ஆனாலும் விசா விதிமீறல். ஃப்ரீலான்ஸ், டெலிவரி மாதிரி சுயதொழிலுக்கு எப்போதுமே அனுமதி இல்லை.

சிவாஜிநகர்: படிப்பு முடிந்து எத்தனை நாள் தங்கலாம்? மனைவியை அழைத்துப் போகலாமா?

படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா 2 வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். வருகிற செப்டம்பரில் சேர்வதாக இருந்தால் இந்த 18 மாதத்தை வைத்தே லோன் தவணையைக் கணக்குப் போடுங்கள். வழக்கமான மாஸ்டர்ஸ் படிப்புக்கு 2024 ஜனவரியிலிருந்து மனைவி, குழந்தைகளை அழைத்துப் போக முடியாது.

பானஸ்வாடி: மூன்று வார சம்மர் கோர்ஸுக்கும் இத்தனையும் வேண்டுமா?

வேண்டாம். 6 மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு, அங்கீகாரம் உள்ள நிறுவனம் என்றால், விசிட்டர் விசா போதும். எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) சம்மர் ஸ்கூல் இந்த வகைதான். அதில் வேலையோ இன்டர்ன்ஷிப்போ செய்யக் கூடாது.

அல்சூரிலிருந்தே இன்னொருவர்: ரூமுக்கு இங்கிருந்தே அட்வான்ஸ் அனுப்பலாமா?

பெங்களூரு மாதிரி பத்து மாத அட்வான்ஸ் அங்கே கிடையாது. டெபாசிட் அதிகபட்சம் 5 வார வாடகை, ரூமைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை, இதுதான் சட்டம். அதற்கு மேல் கேட்டாலும், வீட்டைக் காட்டாமல் பணம் கேட்டாலும் அனுப்பாதீர்கள். முதல் வருகைக்குப் பல்கலைக்கழக ஹாஸ்டலே பாதுகாப்பு.