சிறு கல், கண்ணாடித் துண்டுகளைப் பதித்துப் படம் உருவாக்கும் மொசைக் கலையைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

துண்டுகளை வெட்டுவதிலிருந்துதான். பலர் கேட்பது பசை, டிசைன் பற்றி, அதெல்லாம் அப்புறம்.

இத்தாலியின் ஸ்பிலிம்பெர்கோவில் 1922 முதல் இதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. படிப்பு 3 ஆண்டுகள். பழைய ரோமானிய, பைசாந்திய மொசைக்குகளைப் பார்த்துச் செய்தே மாணவர்களின் கை பழகுகிறது.

வெட்டும் முறை இதுதான்: மரக்கட்டையில் விளிம்பு மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பதித்த உளியின் மேல் கல்லை விரலால் பிடித்து, நேர் மேலே சுத்தியலால் ஒரே தட்டு. பலம் தேவையில்லை, சுத்தியலும் உளியும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடித் துண்டு தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அடுத்தது வரிசையின் ஓட்டம், அதாவது பதித்த கற்களின் வரிசை எந்தத் திசையில் போகிறது என்பது. முகம் செய்தால் கன்னத்தின் வளைவை ஒட்டியே கற்கள் போக வேண்டும். நிறம் சரியாக இருந்தும் முகம் தட்டையாகத் தெரிந்தால், வரிசையைத்தான் பாருங்கள். வீட்டில் பழக, உடைந்த டைலும் சக்கரக் குறடும் (வாயில் இரு சிறு வெட்டுச் சக்கரங்கள் உள்ள குறடு) போதும்.