ரோட்டார் வோல்கோகிராத்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ரஷ்யாவின் வோல்கோகிராத் நகரக் கால்பந்து அணியான ரோட்டார் கழகம் எப்போது தொடங்கியது?

பதில்: 1929இல், ஸ்டாலின்கிராத் டிராக்டர் தொழிற்சாலையின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, அங்கு வேலை செய்தவர்களின் அணியாகத் தொடங்கியது. அந்த ஊர் 1925 வரை சாரித்சின், 1961 வரை ஸ்டாலின்கிராத், அதன் பிறகு வோல்கோகிராத். அணியும் டிராக்டர், டார்பிடோ, ஸ்டால், பாரிகாடி என்று பெயர் மாறி, 1975இல்தான் ரோட்டார் ஆனது. பழைய செய்தி எதைப் படித்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். இல்லையென்றால் ஒரே அணியைப் பல அணிகளாக எண்ணிவிடுவீர்கள்.

கேள்வி: போருக்கு முன் அது பெரிய அணியா?

பதில்: ஆம். 1939 சோவியத் லீக்கில் நான்காம் இடம் பிடித்தது. முன்கள வீரர் அலெக்சாந்தர் பொனமர்யோவ் அந்த அணியில்தான் பெயர் பெற்றார்.

கேள்வி: 1943இல் இடிபாடுகளுக்கு நடுவே நடந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: ஸ்டாலின்கிராத் போரில் ஜெர்மானியர் சரணடைந்த நாள் 1943 பிப்ரவரி 2. சரியாக மூன்று மாதம் கழித்து, மே 2 அன்று, மாஸ்கோவிலிருந்து விமானத்தில் வந்த ஸ்பார்தக் அணியும் ஸ்டாலின்கிராத் அணியும் மோதின. நகரின் வடக்கே டிராக்டர் தொழிற்சாலை இடிந்து கிடந்ததால், போர்க்காலம் முழுவதும் சோவியத் படைகள் கைவிடாத தெற்குப் பகுதியான பெகேத்தோவ்காவில், அசோத் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. ஸ்டாலின்கிராத் 1-0 என்று வென்றது. கோல்காப்பாளராக நின்ற வசீலி எர்மாசோவ், போருக்கு முன் டிராக்டர் அணியின் கோலைக் காத்தவர்.

கேள்வி: அன்று ஆடியது டைனமோ ஸ்டாலின்கிராத். அந்த வெற்றிக்கு ரோட்டார் எப்படி உரிமை கொண்டாடலாம்?

பதில்: அன்றைய பெயர் டைனமோ என்பது சரி. ஆனால் அதில் ஆடியவர்களில் பெரும்பாலோர் பழைய டிராக்டர் வீரர்கள். அவர்களுடைய தொழிற்சாலையே போர்க்களமாகிவிட்ட பிறகு, அதன் பெயரில் அணி திரட்டும் நிலை அங்கே இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆடிய மனிதர்களைப் பார்த்தால் ரோட்டார் ரசிகர்கள் பக்கம் இருக்கிறது. நான் மனிதர்களின் பக்கம் நிற்கிறேன்.

கேள்வி: அது வெறும் பிரசார ஆட்டம்தானே?

பதில்: நகரம் உயிரோடு இருக்கிறது என்று உலகுக்குக் காட்ட அரசு விரும்பியது உண்மை. "வெறும்" என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியாது. மூன்று மாதத்துக்கு முன் வரை குண்டுச் சத்தத்தில் வாழ்ந்தவர்கள் ஒரு பந்தைப் பார்க்கத் திரண்டு வந்தார்கள். அரசின் நோக்கத்தை வைத்து அவர்களுடைய மகிழ்ச்சியை மதிப்பிடுவது தவறு.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட்டை வென்றார்களா?

பதில்: வெல்லவில்லை, வெளியேற்றினார்கள், இரண்டும் ஒன்றல்ல. 1995 செப்டம்பரில், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யுவேஃபா கோப்பையில், வோல்கோகிராத்தில் 0-0. யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ரோட்டாரின் நீதர்காவுஸும் வெரெத்தென்னிகோவும் முதல் 25 நிமிடத்துக்குள் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். யுனைடெட்டின் ஸ்கோல்ஸ் ஒன்றைத் திருப்பினார். கடைசி நிமிடங்களில் அவர்களின் கோல்காப்பாளர் ஷ்மைக்கேல் தம் இடத்தை விட்டு எதிர்முனைக்கு ஓடிவந்து, தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆனாலும், எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் அன்றைய விதிப்படி ரோட்டாரே முன்னேறியது. அடுத்த சுற்றில் ஜிதான் ஆடிய பிரெஞ்சு அணியான போர்தோவிடம் தோற்றது.

கேள்வி: 1943இல் ஆடியது டைனமோ அல்லவா?

பதில்: மேலே விளக்கிவிட்டேன். கேட்பதற்கு முன் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: ஒருமுறைகூட சாம்பியன் ஆகவில்லையா?

பதில்: இல்லை. 1993இலும் 1997இலும் இரண்டாம் இடம். 1997தான் நெஞ்சை அறுக்கும் ஆண்டு. கடைசி நாளில் ஸ்பார்தக்கைச் சொந்த மைதானத்தில் வென்றிருந்தால் பட்டம் ரோட்டாருக்கு. 0-2 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக கோல் அடித்த வெரெத்தென்னிகோவ் இருந்த அணி அது. 1995, 1998 ஆண்டுகளிலும் அவரே முதலிடம்.

கேள்வி: ஸ்பார்தக்கின் வரலாற்றையும் எழுதுவீர்களா?

பதில்: அது என் துறை அல்ல. மாஸ்கோ அணிகளை அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாலின்கிராத் டைனமோவும் ரோட்டாரும் ஒன்றா?

பதில்: மூன்றாவது முறை. ஆண்டைப் பாருங்கள், ஆடியவர்களைப் பாருங்கள்.

கேள்வி: இப்போது எங்கே ஆடுகிறார்கள்?

பதில்: 2004இல் ரஷ்யாவின் உச்சப் பிரிவிலிருந்து இறங்கிய அணி 2020இல் திரும்பி, ஒரே பருவத்தில் மீண்டும் இறங்கியது. 2018 உலகக் கோப்பைக்காக மாமாயேவ் குன்றின் அடிவாரத்தில், பழைய மத்திய மைதானம் இருந்த இடத்திலேயே கட்டப்பட்ட வோல்கோகிராத் அரீனாதான் அதன் மைதானம். அங்கே மண்ணைத் தோண்டியபோது 1942இன் வெடிக்காத குண்டுகள் கிடைத்தன.